நம் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்

அன்புள்ள குருவானவர் ஐயர் அவர்களுக்கும், புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

ஸ்தோத்திரம். தேர்தல் முடிந்து, பொறுப்பேற்பு ஆராதனையும் முடிந்து, மாலை பொன்னாடை எல்லாம் ஓய்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று யோசிக்க வேண்டாம், இது அதைப் பற்றிய கடிதம் இல்லை. மனுவாக எழுதிக் கொடுத்தால் ஃபைலுக்குள் போய்விடும், அதோடு இதில் சொல்லப்போவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் நம் சேகரத்துக்கு மட்டும் உள்ள குறை இல்லை என்று வேறு ஊர்களில் இருக்கும் சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள், அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

அம்மா இறந்து ஏழு மாதம் ஆகிறது. பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்து, இரண்டு வருஷமும் நான்கு மாதமும் வீட்டின் முன்பக்கத் தார்சாவில் போட்ட கட்டிலிலேயே கிடந்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பல வருஷம் செயலாளராக இருந்தவர், கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை இல்லாமல் ஒருநாளும் கோயில் வாசலை மிதிக்காதவர் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் இருந்த கமிட்டியார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு, ஒரு அறுப்பின் பண்டிகைக்கு. அவர்களைக் குறை சொல்ல வேண்டும் என்பது என் நோக்கம் இல்லை, வந்ததே பெரிது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பழப்பை ஒன்று, ஒரு போர்வை, ஒரு ஜெபம். நாற்காலி எடுத்துப் போட்டேன், யாரும் உட்காரவில்லை, இன்னும் ஒன்பது வீடு இருக்கிறது என்றார்கள். போவதற்கு முன்னால் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று ஒரு போட்டோ. அன்று ராத்திரியே அது சபை வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. தலை வாராமல், நைட்டியில், பக்கத்தில் மூத்திரப் பை தொங்க, வாய் ஒரு பக்கம் கோணி என் அம்மா. கீழே நாற்பது ஐம்பது பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று கேட்டாள். கேட்கவில்லை. அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்டது, புத்தியும் தெளிவாகத்தான் இருந்தது, பேச்சு மட்டும்தான் குழறியது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைப் பற்றி என்னிடம்தான் பேசினார்கள். "சாப்பிடுறாங்களா?", "ஆட்களை அடையாளம் தெரியுதா?"

அப்புறம், கோயிலைக் கூட்டி மணியடிக்கிற நம் கோயில்பிள்ளை அண்ணன் வந்தார்.

அவர் முதல் தடவை வந்தது சந்திப்புக்கே இல்லை. அம்மா வழக்கமாக உட்காரும் பெஞ்சில் கிடந்த பாமாலைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "இது அம்மா புஸ்தகம்லா, பெருக்கும்போது கெடச்சுது" என்று வாசலிலேயே நின்று நீட்டினார். உள்ளே வாருங்கள் என்றேன், வந்தவர் தரையில் உட்கார்ந்தார். அவர் எந்தத் தெருக்காரர் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஏன் தரையில் உட்கார்ந்தார் என்பதும் தெரியும். அம்மா இடது கையைத் தூக்கி நாற்காலியைக் காட்டினார். அவர் பரவாயில்லை என்றார். அம்மா கையை இறக்கவே இல்லை. அந்தக் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் அவர் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கோயிலைக் கூட்டித் துடைத்துவிட்டு மதியம் மூன்று மணிக்கு வருவார். என்ன செய்தார் என்று சொன்னால் பெரிதாக ஒன்றும் இருக்காது. அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டார். விழுந்த கையின் விரல்கள் உள்ளே மடங்கி இறுகிப்போய் இருக்கும், ஒவ்வொன்றாகப் பிரித்து, வலிக்கிறதா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, நான் வெட்டும்போது இரண்டு தடவை சதையைப் பிடித்திருக்கிறேன். அப்புறம் ஊர்க்கதை. யார் வீட்டு ஆடு இரட்டைக் குட்டி போட்டது, மணிக்கயிறு எந்த இடத்தில் நைந்துபோயிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் யார் தூங்கினார்கள், ஏலத்தில் முருங்கைக்காய்க் கட்டு எவ்வளவுக்குப் போனது. அம்மா பதில் சொல்வார். அம்மாவுக்கு ஒரு சொல் வெளியே வர ஒரு நிமிஷம்கூட ஆகும். நான் மகள், எனக்கு அடுப்பில் வேலை கிடக்கும், அம்மா "த... த..." என்றதும் "தண்ணியா?" என்று நானே முடித்துவிடுவேன். பாதி நேரம் தப்பாக முடிப்பேன், அம்மா கண்ணை மூடிக்கொள்வார். அண்ணன் அப்படி முடிக்க மாட்டார். நாற்காலியில் சற்றே முன்னால் சாய்ந்து, அம்மாவின் வாயைப் பார்த்தபடி காத்திருப்பார். ஒருநாள் அப்படிக் காத்திருந்து காத்திருந்து வந்த சொல் "தங்கச்சி". அம்மாவின் தங்கை, சின்ன வயதில் அம்மை வந்து இறந்துபோனவர். எங்கள் வீட்டில் யாருமே அவரைப் பற்றி அம்மாவிடம் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் அம்மா அந்தத் தங்கச்சியைப் பற்றிப் பேசினார். அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்பது ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு மனப்பாட வசனம். ஒப்பித்துப் பரிசாகப் பென்சில் பெட்டி வாங்கியிருக்கிறேன், பிறகு முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். கொரிந்தியருக்கு எழுதிய அந்த அதிகாரத்தில் பவுல் அன்பு இன்னது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது முதலில் வைப்பது நீடிய சாந்தத்தைத்தான். அது என்ன என்று எனக்குத் தெரிந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைகளில். ஒரு மனுஷி ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை இன்னொரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நோயாளி வீடுகளுக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பியவள்தான். கட்டிலில் கிடப்பவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் பேசியவள்தான். என் வீட்டில் ஒரு கட்டில் விழுந்த பிறகுதான் எனக்கே கண் திறந்தது. ஆகவே உங்களுக்கு எழுதுவது எல்லாம் எனக்கும் சேர்த்து எழுதுவதுதான்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, நம் பக்கத்துப் பிள்ளை. வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்தவர், அப்பா கிராமத்து குருவானவர். 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்தபோது அதன் முன்னணியில் நின்றவர், பிறகு தானே தெலுங்கு படித்துக்கொண்டு தோர்ணக்கல்லுக்குப் போனவர், 1912ல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். ஸ்தோத்திரப் பண்டிகை மேடைகளில் இதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியதைச் சொல்வதில்லை. அப்போது அவருக்கு 35 வயது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் இருந்த சபையில் கிட்டத்தட்ட எல்லோருமே வெள்ளைக்காரர்கள், பலர் மிஷனரிகளை அனுப்புகிற சங்கங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே எழுந்து நின்று, வெளிநாட்டு மிஷனரிக்கும் உள்நாட்டு ஊழியனுக்கும் நடுவே நட்பு மிகவும் குறைவு என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். நீங்கள் செய்த தியாகத்துக்கு இந்தியத் திருச்சபை என்றைக்கும் நன்றியோடு இருக்கும் என்று சொல்லிவிட்டு, அதே கொரிந்தியர் அதிகாரத்தைக் கையில் எடுத்தார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருள்களைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரங்களையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். இதுதான் அவர் கேட்டது. மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

அந்தப் பேச்சைப் பற்றி வாசித்தபோது அம்மாவின் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பழப்பையும் போர்வையும் நினைவுக்கு வந்தன. நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்க்காரர் ஒருவர் துரைமாரிடம் கேட்டதை இன்றைக்கு நாம் நம் சொந்தக் கமிட்டியிடம் கேட்க வேண்டிய நிலைமை எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கொடுப்பதில் நாம் குறை வைக்கவில்லை. விதவைகளுக்குச் சேலை கொடுக்கிறோம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுக் கொடுக்கிறோம், வெள்ளம் வந்தால் அரிசி மூட்டை போகிறது. வாங்கிக்கொள்கிற ஆளின் பெயர், அவள் தூங்குகிறாளா, எதற்குப் பயப்படுகிறாள், ராத்திரி யாரிடம் பேசுகிறாள், இது நமக்குத் தெரியாது. மேடையில் வரிசையாக நிற்கவைத்து, மைக்கில் பெயர் வாசித்து, சேலையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, வாங்குகிறவள் கேமராவைப் பார்க்கும்வரை விடாமல் நிற்கிறோம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஆண்டவர் சொன்னார். நம் வலது கை செய்வது துபாயில் இருக்கிறவனுக்குக்கூட ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. தயவுசெய்து இந்தப் போட்டோவை நிறுத்துங்கள். கணக்குக்கு வேண்டுமென்றால் நோட்டில் கையெழுத்து வாங்குங்கள், போதும்.

என் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த ஒரு தகர டின்னில் போடுவார்கள். பிடி அரிசிக் காணிக்கை. மத்தியானம் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் ஒரு பிடி, பிடி மட்டும் கொஞ்சம் சின்னதாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை டின்னைச் சேலை முந்தானையில் மறைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் கொட்டிவிட்டு வருவார்கள். அதை விற்றுத்தான் பல ஊர்களில் உபதேசியாருக்கு வயிறு நிறைந்தது, கூரை ஓடு மாறியது. எனக்கு அதில் இன்றைக்கும் ஆச்சரியமாக இருப்பது வேறு ஒன்று. தினமும் இரண்டு தடவை, சமையல் நடுவில், கை ஈரத்தோடு, அந்த அம்மாளுக்கு இன்னொரு மனுஷனுடைய பசி ஞாபகத்துக்கு வந்துபோனது. வருஷத்துக்கு ஒரு தடவை செக் எழுதுகிற நமக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. அரிசிப் பெட்டியைத் திரும்ப வையுங்கள் என்று நான் கேட்கவில்லை, இப்போது ரேஷன் அரிசி இருக்கிறது, காலம் மாறிவிட்டது. அந்தத் தினப்படி ஞாபகத்துக்கு ஒரு வழி பண்ண முடியுமா என்று கேட்கிறேன்.

ஏனென்றால் இப்போது பசி வேறு மாதிரி. நம் சேகரத்தில் எத்தனை வீடுகளில் கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், விரல் போதாது. பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், வளைகுடாவில், அமெரிக்காவில். மாடி வீடு, கிரானைட் தரை, ஏசி எல்லாம் இருக்கிறது. நவம்பர் மாதம் பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும், போனில் முகம் காட்டச் சொல்கிறது, எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. ராத்திரி பாத்ரூமில் விழுந்துவிடுவோமோ என்று பயந்து ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். அவருக்குக் கிறிஸ்துமஸ் கேக் போய்ச் சேர்ந்துவிடுகிறது, அதில் ஒன்றும் குறை இல்லை, சர்க்கரை வியாதிக்காரர் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அவருக்கு வேண்டியது ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். "அப்பா, கதவு சாத்தியாச்சா? மாத்திரை போட்டாச்சா?" அவ்வளவுதான். வாலிபர் ஐக்கியத்தில் முப்பது பையன்கள் இருக்கிறார்கள், எல்லோர் கையிலும் போன், பாதிப் பேரிடம் பைக். கேரல் ரவுண்ட்ஸுக்கு ராத்திரி இரண்டு மணிவரை ஓடுகிற பிள்ளைகள், சொன்னால் செய்வார்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணனுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வருவார்கள், புருஷனும் பெண்சாதியும். போகும்போது சரியாக இருப்பார், திரும்பும்போது வாந்தியும் கிறுகிறுப்புமாக இருக்கும். இப்போது அம்மன் கோயில் தெருவில் இருந்து ஒரு ஆட்டோக்காரத் தம்பி, தன் சவாரியை முடித்துக்கொண்டு அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறார். டீசல் காசுக்கு மேல் வாங்குவதில்லை. அந்தத் தம்பிக்கும் நம் சபைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆசாரியனும் லேவியனும் விலகிப்போன வழியில் சமாரியன் நின்ற கதையை நாம் எத்தனை தடவை வாசித்திருப்போம். போன மாதம் அந்த அக்காவிடம், நம் சபையில் இருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "ஜெபக்குறிப்பில் பேரு வாசிக்காங்கம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நன்றியோடுதான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

இனி, கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் அடக்க ஆராதனை அன்று தேர்தல் சூடு ஆரம்பித்திருந்தது. பந்தலில் கிழக்கே ஒரு அணி, மேற்கே ஒரு அணி. இரண்டு பக்கமும் என்னிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள், ஒரு அணி வந்து போகும்வரை இன்னொரு அணி காத்திருந்தது. பெட்டியைத் தூக்க வேண்டிய நேரம் வந்தபோது, யார் தீர்மானித்தார்களோ தெரியாது, முன்னால் இருவர் ஒரு அணி, பின்னால் இருவர் மறு அணி. பெயர் சொல்ல மாட்டேன், வாசிக்கும்போது அந்த நாலு பேருக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஓடைப் பாலம் பக்கம் மேடு பள்ளம் இருக்கிறது இல்லையா, அங்கே முன்னால் போகிறவர் "அண்ணாச்சி, பள்ளம்" என்று குரல் கொடுத்தார். பின்னால் இருந்தவர் "சரி தம்பி" என்று காலை மாற்றி வைத்தார். பெட்டி சாயவே இல்லை. அந்த இருவரும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை என்று ஊருக்கே தெரியும். அம்மாவை இறக்கி வைத்த பிறகு மறுபடியும் பேசவில்லை. தேர்தலுக்கு அப்புறம் ஒருவர் கோயிலுக்கே வருவதில்லை.

நீங்கள் ஜெயித்தவர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன், தோற்றவர்கள் வீட்டுக்கு நீங்கள் போங்கள். சமாதானக் கூட்டம் போட வேண்டாம், பேராயர் வர வேண்டாம், தீர்மானம் எழுத வேண்டாம். சாயங்காலம் சும்மா போய்க் காபி கேட்டுக் குடியுங்கள். கோர்ட்டில் கிடக்கிற வழக்குகளை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும், அது என் சக்திக்கு மீறியது. ஆனால் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறவர்கள் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். என் வகுப்பில் படித்த ஒரு பையன், இப்போது கல்லூரி முடித்தவன், "டீச்சர், கோயிலுக்கு வந்தா யார் பக்கம்னு கேக்காங்க" என்றான்.

1999 ஜனவரியில் ஒடிசாவில் மனோகர்பூர் என்கிற ஊரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவர் பிள்ளைகள் இருவரையும், பத்து வயதும் ஆறு வயதும், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரித்தார்கள். அந்த மனைவி கிளாடிஸ் அம்மா மன்னித்துவிட்டேன் என்று சொன்னதை நம் ஊர்ப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். கேட்டு அழுதிருக்கிறோம். அதற்கப்புறம் அவர் என்ன செய்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஊருக்குத் திரும்பிப் போய்விடவில்லை, 2004 வரை ஒடிசாவிலேயே இருந்து, கணவர் பல வருஷம் பார்த்துவந்த தொழுநோயாளர் ஊழியத்தைத் தொடர்ந்து பார்த்தார். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, மருந்துக் கணக்குப் பார்ப்பது, சமையலுக்கு ஆள் பார்ப்பது எல்லாம் அந்த இல்லத்தில் மறுநாளும் அதற்கு மறுநாளும் இருந்த வேலைகள். மன்னிப்பு அந்த அம்மாவுக்கு ஒரு அறிக்கையோடு முடிந்த காரியமாக எனக்குத் தெரியவில்லை, ஐந்து வருஷம் தினமும் எழுந்து செய்த காரியமாகத் தெரிகிறது. நமக்கு நடந்தது என்ன? ஒரு ஓட்டு, ஒரு நோட்டீஸ், மேடையில் ஒரு சொல். அதற்கு மூன்று வருஷம் பேசாமல் இருக்கிறோம்.

சாதியைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. திருச்சபைக்குள் சாதி இருக்கக் கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833ல் கண்டிப்பாக எழுதி அனுப்பினார். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகப்போகிறது. நம் கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை யாருக்கு என்று இன்றைக்கும் குழி வெட்டுகிறவருக்குச் சொல்லாமலே தெரிகிறது. அசனம் என்கிற சபை விருந்தன்று ஊரே ஒன்றாக உட்காருகிறது, அது நம் மண்ணின் அழகு, அந்த ஒரு நாளுக்காக என் பேரப்பிள்ளைகள் பெங்களூரில் இருந்து வருகிறார்கள், ஓலைப்பட்டையில் சோறு வாங்கித் தின்ற நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் பரிமாறுகிறவர்கள் யார், கடைசிப் பந்தியில் மீந்த குழம்போடு உட்காருகிறவர்கள் யார் என்று இந்த வருஷமாவது நின்று பாருங்கள். கோயில்பிள்ளை அண்ணன் முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை ஐயரும் கமிட்டிச் செயலரும் முதல் பந்திக்குப் பரிமாற வேண்டும், அவர் அந்தப் பந்தியில் உட்கார வேண்டும். என் அம்மா ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு செய்த காரியத்தை இத்தனை பேர் சேர்ந்தால் செய்ய முடியாதா?

அவர் சம்பளம் என்ன என்று உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை. போன கிறிஸ்துமஸுக்குக் கோபுரத்துக்குப் போட்ட சீரியல் செட் வாடகை, தேர்தல் வெற்றிக்கு வைத்த ஃபிளெக்ஸ், பட்டாசு, இதையெல்லாம் கூட்டிப் பக்கத்தில் அவருடைய வருஷச் சம்பளத்தையும் எழுதிப் பாருங்கள். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, மணிக்கயிறு இழுத்து இழுத்து வலது தோள் இறங்கிப்போய்விட்டது. பி.எஃப். கிடையாது, மருத்துவக் காப்பீடு கிடையாது. நாளைக்கு அவர் படுத்துவிட்டால் நாம் எல்லோரும் பழப்பை எடுத்துக்கொண்டு போவோம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் இதை நான் எழுத்து மூலமாகக் கொண்டுவருகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும். இரண்டு அணியிலிருந்தும் யாராவது ஒருவர் முன்வந்தால் அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இன்னும் ஒன்று. கமிட்டியில் நீங்கள் பதினைந்து பேர். ஆளுக்கு ஒரு வீடு எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரே வீடு, ஒரே நாள், வருஷம் முழுக்க. ஜெபம் பண்ணித்தான் ஆக வேண்டும் என்று இல்லை, பண்ணினாலும் நல்லது. உட்காருங்கள். படுத்திருப்பவரிடமே பேசுங்கள். பதில் வர நேரமானால் இருங்கள். கை ஓடவில்லை என்றால் நகவெட்டி கொண்டுபோங்கள். ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை வாட்ஸ்அப்பில் போட உங்களுக்கே மனசு வராது, அது நண்பருடைய வீட்டு விஷயமாக ஆகியிருக்கும்.

அம்மா போன பிறகும் கோயில்பிள்ளை அண்ணன் செவ்வாய்க்கிழமை வருவதை விடவில்லை. முதல் வாரம் வந்தபோது எனக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை, கட்டிலை மடக்கி வைத்திருந்தேன், தார்சா வெறுமையாக இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, மணிக்கயிறு மாற்றியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது மூன்று மணிக்கு அவருக்கும் சேர்த்துக் காபி போடுகிறேன். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. உங்களில் யாருக்காவது அந்த நேரம் தோதுப்பட்டால் வாருங்கள், நாற்காலி இன்னும் மூன்று இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒருத்தி, ஓய்வுபெற்ற ஆசிரியை